அந்தப் பக்கத்துப் பேச்சு

கணவாய்க்கு இந்தப் பக்கத்து ஆட்கள் பேச்சை நறுக்கிப் பேசுவார்கள். வாயைத் திறந்தால் வெட்டிப் போட்ட கம்பித் துண்டு மாதிரி வார்த்தை விழும். அந்தப் பக்கத்து ஆட்கள் அப்படியில்லை. ஒரு வார்த்தையை எடுத்தால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்து போய்விட்டுத்தான் விடுவார்கள். வார்த்தை ஒன்றுதான், ராகம்தான் வேறு. இரண்டு பக்கமும் பேசுவது ஒரே மொழி என்று படித்தவர்கள் சொல்லுவார்கள். மேஸ்திரி முன்னால் வேலை கேட்டு நின்றவனைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லுவான்.

அதற்கு ஒரு பழைய காரணம் இருந்தது. இந்தப் பக்கத்துக் கட்டட வேலைக்காரர்கள் எல்லாரும் கூலி உயர்வு கேட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த ஒரு வருஷம், கணவாயைத் தாண்டி லாரி லாரியாக ஆள் வந்து இறங்கி, பாதிக் கூலிக்கு வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். வந்தவர்கள் வீட்டிலும் அடுப்பு எரியாமல்தான் கிடந்தது. ஆனால் அந்த வருஷம் இங்கே பட்டினி கிடந்தவர்களுக்கு அதையெல்லாம் யோசிக்கத் தெம்பில்லை. 'அந்தப் பக்கத்தான்' என்பது அன்றிலிருந்து வசவாகிவிட்டது.

மேஸ்திரி தன் செட்டில் அந்தப் பக்கத்து ஆளைச் சேர்ப்பதில்லை. எந்த ஊர் என்று கேட்கவும் மாட்டார், ஊரைப் பொய் சொல்லிவிடலாம். "வீட்ல யாரெல்லாம் இருக்காங்க, சொல்லு" என்பார். வந்தவன் அம்மா, அப்பா, தங்கச்சி என்று சொல்லிக்கொண்டே போவான். அவர் பீடியைப் பற்றவைத்தபடி ஒவ்வொரு வார்த்தையின் வாலையும் கேட்டுக்கொண்டிருப்பார். வால் நீண்டால், "ஆள் இருக்குப்பா, போயிட்டு வா." அவ்வளவுதான்.

ஊமையன் அந்தப் பக்கத்தான். செட்டில் யாருக்கும் தெரியாது.

வேலை தேடி வந்த புதிதில் இரண்டு மூன்று கட்டடத்தில் வாயைத் திறந்த மாத்திரத்தில் விரட்டிவிட்டார்கள். அப்புறம்தான் அவனுக்குப் புத்தி வந்தது. ஒரு டீக்கடையில் கிளாஸ் கழுவ உட்கார்ந்தான். வருகிறவன் போகிறவன் எப்படிப் பேசுகிறான், எந்த இடத்தில் வார்த்தையை வெட்டுகிறான் என்று காதைத் தீட்டி வைத்துக்கொண்டு கேட்டான். கழுவுகிற தண்ணீர்ச் சத்தத்துக்குள் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தான். நாக்கு சொன்னபடி கேட்டது. மேஸ்திரி முன்னால் போய் நின்று, வேறொரு பெயரைச் சொல்லி, அம்மாவையும் அண்ணனையும் நறுக்கு நறுக்கென்று நாலு துண்டாகச் சொல்லி முடித்தான். அவர் பீடியை உதறிவிட்டு, "நாளைக்கு வா" என்றார்.

சேர்ந்த பிறகு அவன் ஒரு முடிவுக்கு வந்தான். பத்து வார்த்தை பேசினால் ஒன்றாவது வழுக்கிவிடும், அதனால் பேசாமல் இருப்பதே பிழைப்பு. கூப்பிட்டால் "ம்" என்பான். கேட்டால் தலையை ஆட்டுவான். ஆறு பேர் படுக்கிற அறையில் தூக்கத்தில் உளறிவிடுவோமோ என்று துண்டைக் கடித்துக்கொண்டு படுப்பான். ஒரு மாதத்தில் ஊமையன் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அவன் வீட்டில் அவனுக்கு வேறு பெயர் இருந்தது என்பதுதான் வேடிக்கை. அங்கே அவன் ரேடியோ. அண்ணன் வைத்த பெயர். காலையில் கண் விழித்தால் இரவு கண் மூடுகிறவரை நிலையம் மாறாமல் ஓடிக்கொண்டே இருக்குமாம். அம்மா துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு தெருவில் நடந்தது, நடக்காதது எல்லாவற்றையும் சொல்லுவான். "உன் வாய்க்கு ஒரு சுவிட்சு வெக்காம விட்டுட்டான்டா படைச்சவன்" என்று அம்மா சிரிப்பாள். அப்படிச் சொன்னாளே தவிர, அவன் நிறுத்தினால் என்ன ஆச்சு உடம்புக்கு என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள்.

முதல் இரண்டு வருஷம் வீட்டுக்குப் போய்வந்தான். போய்வந்தால் ஒரு தொல்லை. நாலு நாள் அம்மாவோடு பேசிவிட்டு வந்தால் நாக்கு பழையபடி இழுக்க ஆரம்பித்துவிடும். திரும்பி வந்ததும் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, தொண்டைக்கட்டு என்று சைகை காட்டியே ஒரு வாரத்தை ஓட்டுவான். மூன்றாவது வருஷம், "ஊருக்குப் போனா மட்டும் உனக்குத் தொண்டை கட்டுதே, அங்க என்ன கிணத்துத் தண்ணியா?" என்று குட்டையன் கேட்டுவிட்டான். குட்டையன் செட்டிலேயே விளையாட்டுப் பிள்ளை, விஷமில்லாதவன். சும்மாதான் கேட்டான். ஆனால் அதற்கப்புறம் ஊமையன் வீட்டுக்குப் போகவில்லை.

கைப்பேசி வராத காலம். கடிதம் போடலாம் என்றால் அவனுக்கு எழுத்து தெரியாது. வருகிற கடிதத்தை அறையில் இருக்கிற யாரிடமாவது கொடுத்துத்தான் படிக்க வேண்டும், படித்தால் குட்டு உடைந்துவிடும். அதனால் இருக்கிற இடத்தையே சொல்லாமல், அந்தப் பக்கம் போகிற யார் கையிலாவது வீட்டுக்குப் பணம் மட்டும் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தான். ஒரு தடவை கொத்துக் கரண்டி கைக்கு வரட்டும், கொத்தனார் ஆகிவிட்டால் யார் வாலைப் பிடித்துப் பார்க்கப் போகிறார்கள், அப்போது போகலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அடுத்த வேலையிலிருந்து உன் கையில் கரண்டி என்று மேஸ்திரியும் சொல்லியிருந்தார்.

இதற்கு நடுவில் அவன் ஒரு காரியம் செய்தான்.

ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் பேச்சு அந்தப் பக்கத்தான்களைப் பற்றித் திரும்பியது. ஆளாளுக்கு அவர்கள் மாதிரி இழுத்துப் பேசிக் காட்டினார்கள். ஒருவருக்கும் வரவில்லை. குட்டையன் சும்மா இருக்காமல், "ஊமையன் ஏன் சிரிக்கவே மாட்டேங்கறான்? அவங்க ஆளோ?" என்றான். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஊமையனுக்குக் கையிலிருந்த உருண்டை அப்படியே நின்றது. அந்த நொடியில் அவனுக்குத் தோன்றிய ஒரே வழி, அவர்களைவிடப் பெரிதாகக் கேலி செய்துவிடுவது. வாயைத் திறந்தான். என்ன சொல்வது என்று யோசிக்கக்கூட இல்லை, தானாக வந்தது.

"உலகம் எங்கயும் ஓடிப்போயிடாதூ… ஒரு வாய் தின்னுட்டுப் போடா ராசாஆ…"

அத்தனை பேரும் புரை ஏறுகிற மாதிரி சிரித்தார்கள். ஊமையன் பேசியதே அதிசயம், அதிலும் இப்படி அச்சு அசலாகவா? குட்டையன் முதுகில் தட்டித் தட்டி இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்றான். அன்றிலிருந்து அது ஊமையனின் உருப்படி ஆகிவிட்டது. சாப்பாட்டு வேளை என்றால் ஊமையா எடுத்து விடு என்பார்கள். அவன் வாலை நேற்றைவிட இன்றைக்குக் கொஞ்சம் அதிகமாக இழுப்பான், கடைசியில் ஒரு சுழி போடுவான், மூக்கால் ஒரு முக்கு முக்குவான். எவ்வளவு இழுத்தானோ அவ்வளவு சிரிப்பு. மேஸ்திரி மட்டும் சிரித்ததில்லை. அவன் ஆரம்பித்தால் அவர் எழுந்து கை கழுவப் போய்விடுவார். பெரிய மனிதர், இதெல்லாம் பிடிக்காது போலிருக்கிறது என்று ஊமையன் நினைத்துக்கொண்டான்.

அது அவன் அம்மா சொல்லுகிற வார்த்தை. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் மாதிரி வெளியே ஓடுகிறவனை வாசலில் நின்று அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். இது செட்டில் யாருக்குத் தெரியும்?

அண்ணன் வந்தது மேல்தளத்துக்குக் கான்கிரீட் போடுகிற நாளில்.

தளம் போடுகிற நாளில் செட்டே ஒரு கயிறு மாதிரி. கீழே கலவை மெஷின் சுற்றும். அங்கிருந்து சாரத்துச் சரிவு வழியாக மேலே வரைக்கும் ஆள் வரிசையாக நிற்பார்கள். கலவைச் சட்டி கை மாறி, கை மாறி ஏறும். காலிச் சட்டி இன்னொரு பக்கமாக இறங்கும். ஆரம்பித்தால் நிறுத்தக் கூடாது. நடுவில் நின்றால் பழைய கலவைக்கும் புதுக் கலவைக்கும் ஒட்டு விழுந்துவிடும், வருஷா வருஷம் மழைத் தண்ணீர் அந்த ஒட்டு வழியாகத்தான் இறங்கும். அப்பன் செத்தான் என்று ஆள் வந்தாலும் கடைசிச் சட்டி ஏறின பிறகுதான் அழ வேண்டும் என்பார் மேஸ்திரி.

வெயில் ஏறியிருந்தது. மெஷினுக்கு டீசல் ஊற்றுகிற சின்ன இடைவெளி. எல்லாரும் நின்ற இடத்திலேயே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மணல் குவியல் ஓரமாக ஒரு ஆள் வந்து நின்றார். கையில் ஒரு துணிப்பை. சைக்கிள் கடைக்காரருக்கே உரிய, நகத்தை விட்டுப் போகாத கறுப்பு. சரிவின் பாதியில் நின்ற ஊமையனுக்கு முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை, நிற்கிற நிலையிலேயே தெரிந்துவிட்டது.

வரிசையின் அடியில் நின்ற சித்தாள் அக்காவிடம் அண்ணன் கேட்டார். ஜல்லி இறக்க வந்த லாரிக்காரர் இங்கே பார்த்ததாகச் சொன்னாராம், தன் தம்பியாம். பெயரைச் சொன்னார். அந்தப் பெயரில் இங்கே ஒருவரும் இல்லை என்றாள் அக்கா.

"வீட்ல ரேடியோன்னு கூப்பிடுவோம்மா. வாய் ஓயாது. பேசிக்கிட்டே இருப்பான். நீங்க ஒரு நாள் பாத்திருந்தாலும் மறந்திருக்க மாட்டீங்க."

அவர் பேச்சின் வால் அந்தக் கட்டடம் முழுக்கக் கேட்டது. எல்லாத் தலையும் திரும்பியது. ஓயாமல் பேசுகிறவனா, எங்களிடம் இருப்பவன் ஊமையன்தான் என்று மேலேயிருந்து யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது. அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். பார்வை வரிசை வழியாக ஒவ்வொருவராக ஏறி, பாதியில் வந்து நின்றது. முகம் மலர ஆரம்பித்தது. வாய் திறந்தது.

ஊமையன் குனிந்து சட்டியைப் பார்த்தான்.

சட்டியில் ஒன்றும் இல்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடி நிமிர்ந்தபோது அண்ணன் வேறு பக்கம் பார்த்தபடி, பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டிருந்தார்.

குட்டையனுக்கு இதைவிட நல்ல வேளை கிடைக்குமா? "ஊமையா, அசலே வந்து நிக்குது பாரு. உன்னுத எடுத்து விடு. எது ஒசத்தின்னு பாத்துடுவோம்."

எடுத்து விடு, எடுத்து விடு என்று வரிசை முழுக்கக் கிளம்பியது. ஊமையன் தலையை ஆட்டினான். ஏன், இன்னைக்கு மட்டும் வெட்கமா என்றார்கள். தினமும் செய்கிறவன் இன்றைக்குச் செய்யவில்லை என்றால் ஏன் என்று ஒருவனாவது யோசிப்பான். யோசித்தால் வந்தவர் முகத்தையும் ஊமையன் முகத்தையும் சேர்த்து வைத்துப் பார்ப்பான். கண்ணும் மூக்கும் ஒரே அச்சு. நாளைக்குக் கைக்கு வரப் போகிற கரண்டி கண்ணில் வந்து நின்றது. இத்தனை வருஷம் விழுங்கிய வார்த்தையெல்லாம் வீணாகிவிடுமே என்று இருந்தது.

செய்தான். "உலகம் எங்கயும் ஓடிப்போயிடாதூ…" என்று ஆரம்பித்து, சுழியும் முக்கும் ஒன்றுவிடாமல் கடைசி ராசாவரை செய்து முடித்தான்.

சிரிப்பில் சாரமே ஆடியது. மேஸ்திரி தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நடந்து போனார். அண்ணன் அசையவில்லை. அவர் முகத்தில் கோபம் வரும் என்று ஊமையன் எதிர்பார்த்தான். வரவில்லை. ரொம்ப நாள் கழித்து வீட்டுச் சத்தத்தைக் கேட்கிற ஆள் மாதிரி தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லா பேசுறீங்க தம்பி" என்றார். "எங்க வீட்லயே கேட்ட மாதிரி இருக்கு."

மெஷின் மறுபடி சுற்ற ஆரம்பித்தது. நாலு சட்டி ஏறியிருக்கும், ஊமையனுக்கு அடுத்து கீழே நின்றவன் வெயில் தாங்காமல் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டான். வரிசை அறுந்தது. மேஸ்திரி மேலேயிருந்து ஆள் ஆள் என்று கத்தினார். அண்ணன் பையை மணல் மேல் வைத்தார், கைலியை மடித்துக் கட்டினார், சரிவில் ஏறி அந்த இடத்தில் நின்றுகொண்டார். அந்தப் பக்கத்தான் என்று யாரும் சொல்லவில்லை. சட்டி வந்துகொண்டிருக்கும்போது அதை வாங்குகிற கை எந்தப் பக்கத்தது என்று யார் பார்ப்பார்கள்?

அப்புறம் கடைசிவரை அண்ணன் கையிலிருந்துதான் ஒவ்வொரு சட்டியும் ஊமையன் கைக்கு வந்தது. விளிம்பில் விரலும் விரலும் பட்டன. அண்ணன் ஒரு தடவைகூட அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் விரல் சந்துகளைப் பார்த்தார். சிமெண்ட் தின்ற புண்ணைப் பார்த்தார்.

ஆள் இடம் மாறியதில் அண்ணனுக்குக் கீழே வந்து நின்றது சித்தாள் அக்கா. கை வேலையில் இருந்தாலும் வாய் சும்மா இருக்காது அவளுக்கு. ஏங்க, தம்பி என்ன கோவிச்சுக்கிட்டு வந்துட்டானா என்று ஆரம்பித்தாள். இல்லை, பிழைக்க வந்தான் என்றார் அண்ணன். அப்புறம் சட்டியை வாங்கிக்கொண்டும் கொடுத்துக்கொண்டும், கீழே அவளைப் பார்த்துச் சொல்லுகிற மாதிரி, மேலே நிற்கிறவன் காதில் விழுகிற அளவுக்குச் சொல்லிக்கொண்டே போனார்.

அம்மாவுக்குக் கண் போய்விட்டது. முதலில் ஊசியில் நூல் கோக்க வரவில்லை, அப்புறம் படி தெரியவில்லை, இப்போது ஆளே தெரியவில்லை. சத்தத்தை வைத்துத்தான் எல்லாம். பெரியவனை எண்ணெய் நாற்றத்திலேயே கண்டுபிடித்துவிடுவாளாம். சின்னவன் வந்தால் தெருமுனையிலேயே தெரிந்துவிடும், அவன் வாய் முன்னால் வரும், கால் பின்னால் வரும் என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாளாம். இருதயம் பெரிதாகிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார், இனிமேல் மருந்து பேருக்குத்தான்.

"அவனப் பாக்கணும்னு கேக்கலம்மா அவ. பாக்கத்தான் கண்ணில்லையே. ஒரு தடவ வந்து பேசிட்டுப் போகச் சொல்லுடாங்கறா. வீடு சத்தமில்லாம கெடக்குன்னு சொல்றா."

அக்கா தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்க இருக்கானோ பாவிப்பய" என்றாள்.

ஊமையன் சட்டியை வாங்கினான், மேலே கொடுத்தான். வாங்கினான், கொடுத்தான். அன்றைக்கு அவன் கையிலிருந்து ஒரு சட்டிகூட நழுவவில்லை. பிற்பாடு நினைக்கும்போது அவனுக்குத் தாங்க முடியாமல் இருந்தது அதுதான். ஒன்றாவது நழுவியிருக்கலாம்.

கடைசிச் சட்டி ஏறியதும் அண்ணன் தொட்டியில் கை காலைக் கழுவிக்கொண்டார். மேஸ்திரி கூப்பிட்டுக் கூலி கொடுக்கப் போனபோது, வேண்டாங்க, சும்மா நின்ன நேரந்தானே என்று சொல்லிவிட்டார். பையை எடுத்துக்கொண்டு ஊமையன் பக்கத்தில் வந்து நின்றார்.

"கைல புண்ணு இருக்கு தம்பி. தேங்காண்ணெய் வைங்க" என்றார். தன்னைவிடச் சின்னவனை, தான் தூளியில் போட்டு ஆட்டி வளர்த்தவனை, அப்படி மரியாதை போட்டுச் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் சட்டியெல்லாம் கழுவிக் கவிழ்த்தாயிற்று. மற்றவர்கள் போய்விட்டார்கள். புதுத் தளத்தின் ஓரத்தில் மேஸ்திரியும் ஊமையனும் மட்டும். மேஸ்திரி பீடியைப் பற்றவைத்தார்.

"உன் அண்ணன்தானே அது?"

ஊமையன் இல்லை என்று தலையாட்ட ஆரம்பித்தான்.

"ஆட்டாத. நீ சேர்ந்த மாசமே எனக்குத் தெரியும். சாரத்துப் பலகை சரிஞ்சு உன் கால்ல விழுந்துச்சே, ஞாபகம் இருக்கா? அப்ப நீ அம்மான்னு கத்துன. அது இந்தப் பக்கத்து அம்மா இல்ல."

ஊமையன் தலையை ஆட்டுவதை நிறுத்தினான். "ஏன் சொல்லல?" என்றான்.

"நீயா சொல்லுவன்னு இருந்தேன். ஆளு நல்ல ஆளு, பக்கம் எதுவா இருந்தா என்ன. வெளிய நான் போடற சத்தம் இவனுங்களுக்காக. அதுக்காக நீ உங்கம்மாவ எடுத்துப் போட்டு மிதிக்கணும்னு யாருடா சொன்னா?"

பீடியைத் தரையில் நசுக்கி அணைத்தார். "போயிட்டு வா" என்றார் மேஸ்திரி. "கரண்டி எங்கயும் போயிடாது."

கணவாய் வழியாகப் போகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. அண்ணன் போன பஸ் முன்னாலேயே போய்விட்டது. அம்மாவிடம் என்ன சொல்வது என்று அவன் ஒத்திகை பார்த்தான். வாய்க்குள்ளே மெதுவாகச் சொன்னான். அம்மா, நான் வந்துட்டேன். நறுக்கென்று விழுந்தது. இது இல்லை என்று வாலை இழுத்தான். இழுத்ததும் சுழி வந்து சேர்ந்தது, முக்கு வந்து சேர்ந்தது. மறுபடி சொன்னான், மறுபடியும் அதே. பக்கத்து இருக்கையில் இருந்தவர் திரும்பிப் பார்த்து, "நல்லா பேசிக் காட்டுறீங்களே, நாடகக்காரரா?" என்று கேட்டுச் சிரித்தார். ஊமையன் வாயை மூடிக்கொண்டான். அம்மாவைப் பார்த்ததும் தானாக வந்துவிடும் என்று நினைத்தான். தாய்ப் பேச்சு எங்கே போய்விடும்?

வீட்டு வாசலில் அண்ணன் ஒரு சைக்கிள் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கோணல் பார்த்துக்கொண்டிருந்தார். அவனைப் பார்த்ததும் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார். ஏன்டா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கேட்கவில்லை. "முழிச்சுக்கிட்டுதான் இருக்கா, போ" என்றார்.

ஒற்றை அறை. கட்டிலில் அம்மா உட்கார்ந்திருந்தாள். உடம்பு வற்றி, காது மட்டும் பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தாள். காலடிச் சத்தம் கேட்டு முகத்தைத் திருப்பினாள். கண் வேறெங்கோ பார்த்தது.

"அம்மா, நான் வந்துட்டேன்" என்றான்.

கம்பித் துண்டு மாதிரி விழுந்தது. அவன் காதிலேயே கேட்டது.

அம்மா முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். "யாருடா பெரியவனே வந்திருக்காங்க? அந்தப் பக்கத்து ஆளு மாதிரி இருக்கே. ஒரு நாற்காலி எடுத்துப் போடு."

"அம்மா, சின்னவன்தாம்மா" என்றார் அண்ணன்.

அவள் சிரித்தாள். "என்னை ஏமாத்தாத. அவன் பேச்சு எனக்குத் தெரியாதா?"

ஊமையன் கட்டில் பக்கத்தில் மண்டியிட்டான். அவள் கையைப் பிடித்தான். சிமெண்ட் அரித்த கை, எந்த வேலைக்காரனுடையதாகவும் இருக்கலாம். அவள் கூச்சத்தோடு கையை மெதுவாக உருவிக்கொண்டாள். இனி தாமதித்தால் ஆகாது என்று அவன் அடிவயிற்றிலிருந்து, இருக்கிற அத்தனை ஆசையையும் சேர்த்து, தன் பழைய பேச்சில் கூப்பிட்டான்.

"அம்மாஆ… நான்தாம்மா உன் ரேடியோஓ…"

வந்தது அவன் குரல் இல்லை. சாப்பாட்டு வேளையின் குரல். சுழி, முக்கு, எல்லாம் இருந்தது. குட்டையன் கேட்டிருந்தால் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்திருப்பான்.

அம்மாவின் முகம் சுருங்கியது. கோபம் இல்லை, பழகிப்போன ஒரு வலி. கண் வைத்தியத்துக்காக ஒரு தடவை கணவாய் தாண்டிப் போனபோது, வரிசையில் நின்றவர்கள் அவள் பேச்சைத் திருப்பித் திருப்பிப் பேசிச் சிரித்தார்கள் என்பது அவனுக்குத் தெரியாது. அண்ணனுக்குத் தெரியும். அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தம்பி, நீங்க யார் வீட்டுப் பிள்ளையோ" என்றாள் அம்மா. "எங்க பேச்சு உங்களுக்குச் சிரிப்பா இருக்கும். இருந்துட்டுப் போகட்டும். என் பிள்ள பேர எடுத்து விளையாடாதீங்க. அந்தப் பேர எங்க கேட்டீங்க? அவன உங்களுக்குத் தெரியுமா?"

ஊமையன் வாயைத் திறந்தான். வேலையிடத்து நறுக்குப் பேச்சு தயாராக இருந்தது, கேலிப் பேச்சும் தயாராக இருந்தது. மூன்றாவதாக ஒன்று இருந்த இடத்தில் தேடிப் பார்த்தான். நடுவில் கலவை நின்று ஒட்டு விழுந்த இடம் மாதிரி, அங்கே ஒரு கோடு மட்டும் இருந்தது.

"தெரியும்" என்றான். சொல்ல வாயெடுத்த அண்ணனைக் கை காட்டி நிறுத்தினான்.

அவள் முகம் அப்படியே மாறிப்போனது. கட்டில் விளிம்புக்கு நகர்ந்து வந்தாள். "கூட வேலை செய்யறீங்களா? நல்லா இருக்கானா? அங்கயும் ஓயாம பேசறானா?"

"பேசறாம்மா."

"எல்லாருக்கும் காது புளிச்சுப்போயிருக்கும்" என்று சிரித்தாள். "சிரிக்க வெக்கறானா எல்லாரையும்?"

"ம்."

"அப்படின்னா நல்லா இருக்கான். அது போதும். நேரம் கெடச்சா ஒரு தடவ வந்து பேசிட்டுப் போகச் சொல்லுங்க. அம்மா கோவமா இல்லன்னு சொல்லுங்க."

சொல்லுகிறேன் என்று எழுந்தான். எழுந்த சத்தம் அவளுக்குக் கேட்டுவிட்டது. காற்றில் கையை நீட்டி, வாலை மெல்லப் பிடித்து, சுழியில்லாமல், முக்கு இல்லாமல், அது இருக்க வேண்டிய மாதிரி சொன்னாள்.

"இருங்க தம்பி. உலகம் எங்கயும் ஓடிப்போயிடாது. ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க."

அண்ணன் தட்டை எடுத்து வைத்தார். ஊமையன் சுவரோரம் உட்கார்ந்தான். அண்ணன் பரிமாற, அவன் பிசைந்து பிசைந்து சாப்பிட்டான். அம்மா தலையைச் சாய்த்து, தட்டில் விரல் படுகிற சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அண்ணனிடம் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"ரொம்ப அமைதியான பையனா இருக்காரே. வயிறார சாப்பிடறாரா பாரு."